அச்சுக்கூடத்துப் பழைய கணினி

விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் ஸ்தாபனத்தார் முடித்துக்கொண்டு, தனியே பதிவு செய்துகொள்பவர்களுக்கு மாத்திரம் சிறிது கால அவகாசம் தந்தது முதலாக, காரியாலயங்களிலும் கடைகளிலும் பழைய கணினிகளை அப்புறப்படுத்திப் புதியவற்றை நிறுவும் காரியம் நடந்துவருகிறது. விண்டோஸ் 11 குறிப்பிட்ட சில பிராஸஸர்களையும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டையும் கட்டாயமாகக் கேட்பதனால், ஒரு பழுதுமின்றி ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்கள் பலவும் இந்த மாற்றத்தில் சேர்ந்து அடித்துக்கொண்டு போகப்படுகின்றன. ஆனால் சிவகாசியிலோ திருவல்லிக்கேணியிலோ பல வருஷங்களாக நடந்துவரும் ஓர் அச்சுக்கூடத்துக்குள்ளோ, டி.டி.பி. சென்டருக்குள்ளோ நுழைந்து பார்த்தால், இந்த அமளியிலெல்லாம் கலந்துகொள்ளாமல், விண்டோஸ் எக்ஸ்பியோ விண்டோஸ் 7-ஓ தாங்கியபடி மூலையில் ஒரு பெட்டி இருப்பதையும், அதில் பேஜ்மேக்கர் 7.0 திறந்திருப்பதையும் இன்றைக்கும் காண முடியும். புதுக் கணினி பொருத்த வருகிற இளைஞர் அதைக் கண்டு சிரிப்பார். உரிமையாளரும் சங்கோசத்தோடு உடன் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் பாதிதான் நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

ஆல்டஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 1985-இல் மாக்கின்டாஷ் கணினிக்கென்று வெளியிட்ட பேஜ்மேக்கர், லேசர் பிரின்டரோடு சேர்ந்து, மேசைமீது புத்தகப் பக்கத்தை அமைக்கலாம் என்ற ஒரு தொழிலையே உண்டாக்கிற்று. 1994-இல் ஆல்டஸை அடோபி விலைக்கு வாங்கிற்று, 2001-இல் 7.0 பதிப்பு வந்தது. 2004-இல், இனி இதை வளர்க்கப்போவதில்லை, எங்கள் மற்றொரு பக்க அமைப்பு நிரலாகிய இன்டிசைனுக்கு வந்துவிடுங்கள் என்று அடோபி அறிவித்துவிட்டது. இந்தச் சரித்திரத்தின் நடுவில்தான் தமிழ் அச்சுத் தொழில் ஈய எழுத்துகளையும் கம்போஸிங் ஸ்டிக்கையும் கைவிட்டுக் கணினிக்குக் குடிபெயர்ந்தது. 1990-களிலும் அதற்கடுத்த பத்தாண்டிலும் தமிழில் வெளியான நாவல்கள், ஆராய்ச்சி நூல்கள், கோயில் தலவரலாறுகள், பள்ளித் துணைநூல்கள், கல்யாணப் பத்திரிகைகள், சிறுபத்திரிகைகள் ஆகியவற்றில் கணிசமான பகுதி இந்த ஒரு நிரலின் வழியாக வெளியுலகைக் கண்டவை.

தயாரித்தவரே கைவிட்ட பிறகும் நம்மவர்கள் அதை ஏன் விடவில்லை என்று கேட்பவர்கள், பழக்கம், சோம்பல், திருட்டுப் பிரதி என்ற மூன்று காரணங்களோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். மூன்றிலும் உண்மை இல்லாமலில்லை. எனினும் இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று தமிழ் எழுத்திலேயே இருந்தது. அக்காலத்துத் தமிழ் ஃபாண்டுகள், கணினியில் ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் ஒதுக்கப்பட்டிருந்த இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்யப்பட்டவை. எந்த இடத்தில் எந்த எழுத்தை வைப்பது என்பதை ஒவ்வொரு ஃபாண்ட் தயாரிப்பாளரும் தமக்குத் தோன்றியபடி நிச்சயித்துக்கொண்டார். பாமினி என்ற ஃபாண்டில் அடித்ததை வேறொரு ஃபாண்டில் திறந்தால் அர்த்தமற்ற எழுத்துக்குவியல் வரும். ஃபாண்டே இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கல் வரும். 1999-இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களை அரசாங்கம் தரமாக்கிய பின்னும் அச்சுத்துறை முழுவதும் அவற்றுக்குக் கட்டுப்பட்டுவிடவில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியேற்றமாகிய யூனிகோடு என்பதையே அறியாத பேஜ்மேக்கருக்கோ இந்தக் குழப்பத்தால் ஒரு தொல்லையும் இல்லை. அதன் கண்ணுக்கு எல்லாம் ஆங்கிலம், உருவம் மட்டும் தமிழ்.

இன்டிசைனுக்கு வாருங்கள் என்று அடோபி அழைத்த 2004-ஆம் வருஷத்தில், அந்த இன்டிசைனில் யூனிகோடு தமிழை இட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் தத்தம் இடம் தெரியாமல் தடுமாறின. இந்திய எழுத்துகளை ஒழுங்காகக் கோத்துத் தரும் ஏற்பாடு அதில் 2012-இல் வந்த சி.எஸ்.6 பதிப்பில்தான் அமைந்தது. ஆக, ஏறக்குறைய எட்டு வருஷ காலம், பழையதற்கு ஆதரவும் இல்லை, புதியதில் தமிழும் சரியாக இல்லை என்ற நிலையில் நிறுத்தப்பட்ட ஒரு தொழிலாளர் கூட்டம், கையில் இருந்ததை இறுகப் பற்றிக்கொண்டதை மூடத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலை பத்து பாரம் பிளேட்டுக்குப் போயாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில் இருப்பவர் வேறென்ன செய்திருப்பார்?

இனி, இயங்குதளம் மாறும்போது பழைய நிரல் எவ்விதம் சாகிறது என்பதையும் பார்க்கலாம். அது ஒரே அடியில் சாவதில்லை. விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் நிரல்களுக்கு 64 பிட் விண்டோஸில் இடமே கிடையாது. விண்டோஸ் 10 வரையில் 32 பிட் பதிப்பு ஒன்று கிடைத்துவந்ததனால் அவற்றுக்கு ஒதுங்க ஒரு திண்ணை இருந்தது, விண்டோஸ் 11 அதையும் எடுத்துவிட்டது. நிரல் 32 பிட்டாக இருந்து, அதை நிறுவும் செட்டப் மாத்திரம் 16 பிட்டாக இருந்ததனால், ஓடக்கூடிய நிரல் வாசலிலேயே நின்றுபோன விபரீதமும் உண்டு. இந்திய மொழி மென்பொருள் சிலவற்றுக்குக் கள்ளப் பிரதியைத் தடுப்பதற்காக, பிரின்டர் செருகும் துவாரத்தில் மாட்டுகிற டாங்கிள் என்ற பூட்டு கொடுத்தார்கள். அந்தத் துவாரம் இன்றைய கணினிகளில் இல்லை. இருந்தாலும், பூட்டை அடையாளம் காட்டும் டிரைவருக்கு 64 பிட் விண்டோஸ் கேட்கிற டிஜிட்டல் கையொப்பத்தைப் போட்டுத் தர, தயாரித்த கம்பெனி பல சமயங்களில் உயிரோடு இல்லை. பணம் கொடுத்து நேர்மையாக வாங்கியவர் பூட்டோடு நிற்க, பூட்டை உடைத்த பிரதி வைத்திருப்பவர் சௌகரியமாக வேலை செய்கிறார் என்பது இத்தொழிலில் உள்ளவர்கள் அறிந்த வேடிக்கை. கடைசியாக, 2023 ஜனவரியோடு டைப் 1 வகை ஃபாண்டுகளைத் தன் நிரல்களில் ஏற்பதை அடோபி நிறுத்திக்கொண்டது. அவ்வகையில் வாங்கிச் சேர்த்த ஃபாண்டுகள் அத்தனையும் புதிய இன்டிசைனில் ஒரே நாளில் இல்லாதவையாயின.

பழையவற்றை எப்படி நடத்துவது என்பதில் பெரிய ஸ்தாபனங்களுக்குள் ஒருமித்த கொள்கை கிடையாது. ஐ.பி.எம். 1964-இல் அறிவித்த சிஸ்டம் 360-க்கென்று எழுதிய நிரல்கள் அதன் வழிவந்த இன்றைய பெருங்கணினிகளிலும் ஓடுமாறு அக்கம்பெனி பார்த்துக்கொண்டுவருகிறது. லினக்ஸின் கருவைப் பராமரிக்கும் லினஸ் டோர்வால்ட்ஸ், உபயோகத்திலுள்ள நிரலை உடைக்கும் மாற்றம் எதையும் ஏற்பதில்லை என்ற விதியைக் கடுஞ்சொல்லாலும் காத்துவருபவர். ஆப்பிளின் மார்க்கம் இதற்கு நேர் எதிர்: பிராஸஸர் மாறும் போதெல்லாம் ரொசெட்டா போன்ற ஒரு மொழிபெயர்ப்பாளரைச் சில வருஷம் துணைக்கு வைத்துவிட்டு, பிறகு விலக்கிக்கொள்வார்கள், 2019-இல் வந்த கேடலீனா பதிப்பில் 32 பிட் நிரல்கள் அனைத்தையும் ஒரே மூச்சில் நிறுத்தினார்கள்.

மைக்ரோசாப்ட் நெடுங்காலம் காட்டிய தாட்சண்யம் விசித்திரமானது. விண்டோஸ் 95, தன் வயது என்ன என்று கேட்ட பழைய நிரல்களுக்கு 4 என்று உண்மை சொல்லாமல் 3.95 என்று விடை தந்தது. பதிப்பு எண்ணைத் தவறாகக் கணக்கிடும்படி எழுதப்பட்ட நிரல்கள் பல இருந்தமையால், அவை பயந்துபோய் ஓட மறுக்கக்கூடாதென்பது உத்தேசம். சிம்சிட்டி என்ற விளையாட்டு, திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை மறுபடியும் எடுத்துப் பயன்படுத்தும் பிழையோடு எழுதப்பட்டிருந்தது. விண்டோஸ் 95-இல் அது விழுந்துபோகவே, சிம்சிட்டி ஓடும்போது மட்டும் நினைவகத்தை உடனே பறிக்காமல் விட்டுவைக்கும்படி இயங்குதளத்துக்குள்ளேயே தனிச் சலுகை எழுதிச் சேர்த்தார்கள். பிறர் செய்த பிழைக்குத் தாம் பிராயச்சித்தம் செய்துகொண்ட இந்தப் பெருந்தன்மையில் வியாபார நோக்கம் இருந்தது வாஸ்தவமே. பழைய நிரல் ஓடாவிட்டால் புதிய விண்டோஸை யார் வாங்குவார்கள்? ஆயினும் பயனடைந்தவர்கள் சாமானியர்கள். குற்றமற்ற நன்மை பயக்கும் பொய்க்கு வள்ளுவரே சலுகை அளித்திருக்கும்போது 3.95 என்ற பொய்யை நாம் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் தாட்சண்யத்துக்கும் விலை உண்டு. கோப்புகளைப் பகிர்ந்துகொள்வதற்கென 1980-களில் உண்டான எஸ்.எம்.பி. என்ற ஏற்பாட்டின் முதற்பதிப்பைப் பழைய சாதனங்களின் பொருட்டு விண்டோஸ் விடாமல் சுமந்துவந்தது. அதிலிருந்த ஓட்டையின் வழியாகத்தான் 2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற நாசகார நிரல் உலகெங்கும் புகுந்து, இங்கிலாந்தின் பொது மருத்துவமனை ஸ்தாபனங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கின் வேலையைக் குலைத்து, நோயாளிகளைத் திருப்பி அனுப்பும்படி செய்தது. அதைத் தடுக்கும் திருத்தம் இரண்டு மாதத்துக்கு முன்பே வெளியாகியிருந்தது. ஆதரவு முடிந்து மூன்று வருஷமாகிவிட்ட எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாப்ட் அப்போது விதிவிலக்காக ஒரு திருத்தம் அளித்தது. எல்லாப் பழியும் எக்ஸ்பியின் தலையில் விழுந்தாலும், தாக்குண்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை, திருத்தத்தை ஏற்றுக்கொள்ளாமல் விடப்பட்டிருந்த விண்டோஸ் 7 கணினிகள். பணம் புழங்கும் இயந்திரத்துக்கு ஒரு நியாயம், பக்கம் அமைக்கும் இயந்திரத்துக்கு ஒரு நியாயம் என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. ஏ.டி.எம்.களிலிருந்து எக்ஸ்பி போன்ற ஆதரவிழந்த தளங்களை 2019 ஜூன் மாதத்துக்குள் படிப்படியாக நீக்கிவிட வேண்டுமென்று 2018-இல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு ஆணையிட்டது முற்றிலும் சரி. அதே ஆணையை ஒரு டி.டி.பி. சென்டரின்மேல் பிரயோகிப்பதற்கு முகாந்திரம் இல்லை. இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, வருகிற பென் டிரைவை முதலில் வேறொரு கணினியில் சோதித்த பிறகே செருகுவதென்ற நியமத்தோடு இருக்கும் எக்ஸ்பி, யாருக்கும் தீங்கு செய்யப்போவதில்லை. பெட்டியே உளுத்துப்போனால் அந்த எக்ஸ்பியை அப்படியே புதுக் கணினிக்குள் ஒரு மாயக் கணினியாக, வர்ச்சுவல் மெஷினாக, குடிவைத்து ஓட்டவும் வழி இருக்கிறது.

சாதாரணமாக இந்த விவாதம் இந்த இடத்தில் முடிந்துவிடும்: பழைய நிரலை ஓட்டலாமா, கூடாதா என்று. எனக்கோ நிரலைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. நிரலுக்கு நேர்வது ரயில் பெட்டிக்கும் நேர்ந்ததுதான்: 1992 முதற்கொண்டு தென்னாட்டின் மீட்டர்கேஜ் பாதைகளை அகலப்பாதையாக மாற்றியபோது, அச்சு முறியாத, சக்கரம் தேயாத எத்தனையோ பெட்டிகள் தம்மிடத்தில் ஒரு குற்றமும் இன்றியே பிரயோஜனமற்றுப்போயின. ஆனால் பெட்டிக்குள் சரக்கை வைத்துப் பூட்டி, அதையும் சேர்த்துப் பழைய இரும்புக்குப் போடும் காரியத்தை ரயில்வேக்காரர்கள் செய்யவில்லை. மென்பொருள் உலகில் அதுதான் அனுதினமும் நடக்கிறது. பேஜ்மேக்கர் போகட்டும், அதற்குள் பூட்டிக் கிடக்கும் புத்தகங்கள் ஏன் போக வேண்டும்?

பி.டி.எஃப். இருக்கிறதே என்பார்கள். பழைய ஃபாண்டில் அமைத்த பி.டி.எஃப். கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். அதில் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. ஒரு பத்தியைப் பிரதி எடுத்து ஒட்டிப் பாருங்கள், பழைய ஆங்கிலக் கிறுக்கலே வந்து விழும். மறுபதிப்புக்கோ, மின்னூலுக்கோ, பார்வையற்றவர் செவிவழி படிக்கும் நிரலுக்கோ அது உதவாது. ஃபைலிலிருந்து எழுத்தை வெளியே எடுத்து யூனிகோடாக மாற்றுவது ஒன்றுதான் வழி. அதற்குக் கன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. ஆனால் எல்லா இடத்திலும் அவற்றை நம்பிவிட முடியாது. பழைய ஃபாண்டில் ‘கெ’ என்று அச்சாக வேண்டுமானால் முதலில் கொம்பு, பிறகு ககரம் என்று கண்ணில் படும் வரிசையில் ஃபைலில் இருக்கும். யூனிகோடில் ககரம் முன்னும் கொம்பு பின்னுமாக இருக்க வேண்டும். ‘கொ’ என்றால் ககரத்தைச் சுற்றி இரண்டு துண்டு. ‘ஔ’ வேண்டிய இடத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் அருகருகே அடித்துச் சமாளித்திருப்பார்கள். ஔவையார் ஒள-வையாராக உருமாறுவது இப்படித்தான். நடுவே ஓர் ஆங்கிலச் சொல் வந்திருந்தால், ஃபாண்ட் இன்னதென்ற குறிப்பை இழந்துவிட்ட கன்வெர்ட்டர் அதையும் தமிழாக்கிவிடும். வரி முடிவில் கையால் வெட்டி ஒட்டிய சொற்கள் நடுப்பத்தியில் வெட்டுண்டு கிடக்கும். ஆகவே மாற்றியபின் ஒரு மனிதர் உட்கார்ந்து மெய்ப்பு பார்த்தே ஆக வேண்டும். அவருக்குச் சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, மூலத்தை மூலமாகவே காட்டும் அந்தப் பழைய பேஜ்மேக்கரும் அதன் ஃபாண்டும் உயிரோடிருக்க வேண்டும். மூலையிலுள்ள பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் வாதாடுவதன் காரணம் இதுவே. அதை நித்தியமாக ஓட்டிக்கொண்டிருப்பதற்காக அன்று.

இந்த வேலை அசாத்தியமானதல்ல என்பதற்கு நம்மிடமே அத்தாட்சி இருக்கிறது. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வசித்த கு. கல்யாணசுந்தரம் முதலானோரின் முயற்சியால் ஆரம்பமான மதுரைத் திட்டம், சங்க நூல்கள் முதல் பிற்கால நூல்கள் வரை தொண்டர்களைக் கொண்டு தட்டச்சு செய்வித்து, யூனிகோடுக்கு முன்னால் டிஸ்கி என்ற குறியேற்றத்தில் வெளியிட்டுவந்தது. யூனிகோடு நிலைபெற்றதும், டிஸ்கியிலேயே இருந்துவிடுவோம் என்று முரண்டு பிடிக்காமல், இருந்தவற்றைப் புதிய குறியேற்றத்துக்கு மாற்றினார்கள். சம்பளம் வாங்காதவர்களால் இது முடிந்தது. அவர்களுக்கிருந்த அனுகூலம் ஒன்று: டிஸ்கியில் எந்த எண்ணில் எந்த எழுத்து என்ற அட்டவணை எல்லோரும் பார்க்கும்படி வெளியாகியிருந்தது.

அந்த அனுகூலம் இல்லாத இடத்தில் நேர்வதைப் பேஜ்மேக்கர் காட்டுகிறது. பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும் சக்தி இன்டிசைனுக்குச் சி.எஸ்.6 பதிப்பு வரையில் இருந்தது. 2013-இல் சந்தா முறைக்கு மாறியபோது வந்த அடுத்த பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். அதன்பின், அடோபியோடு சம்பந்தமில்லாத சிலர் ஃபைலின் உள்ளமைப்பைத் தாமே துருவிக் கண்டுபிடித்ததன் பயனாக, 2015-இல் வெளியான லிப்ரே ஆபிஸ் 4.4 பேஜ்மேக்கர் ஃபைலை ஒருவாறு திறக்கக் கற்றுக்கொண்டது. அந்நியர்கள் இருட்டில் தடவிக் கண்டறிந்த இந்த ரகசியத்தை, அதைப் படைத்தவர்கள் விடைபெற்றுக்கொண்ட அன்றே தாமே சொல்லிவிட்டுப் போயிருந்தால் அவர்களுக்கு என்ன நஷ்டம்? எந்தக் கம்பெனியும் ஒரு நிரலைச் சிரஞ்சீவியாக வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது நியாயமும் அன்று. நிரலை நிறுத்துகிறவர், அதன் ஃபைல் எப்படி அமைந்திருக்கிறது என்ற விவரணத்தை அந்தத் தினத்திலேயே பகிரங்கப்படுத்த வேண்டும் என்பதைச் சட்டபூர்வமான கடமையாக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. மைக்ரோசாப்ட், 2008-இல், தன் பழைய வேர்டு, எக்ஸெல் ஃபைல்களின் அமைப்பு விவரத்தை வெளியிட்டது; அதனால் அதன் வியாபாரம் படுத்துவிடவில்லை.

அடோபியை மட்டும் குறை சொல்லிவிட்டு நம் வீட்டு விஷயத்தை மூடி மறைப்பது நேர்மையாகாது. தமிழ் ஃபாண்டுகளைச் செய்தவர்கள் நம்மவர்களே. தத்தம் குறியேற்றத்தைத் தொழில் ரகசியமாக வைத்திருந்தவர்களும் நம்மவர்களே. 2010-இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டபோது இனி அடிக்கப்போகும் எழுத்துக்கு வழி பிறந்தது. அதற்கு முன்னால் அடித்துத் தீர்த்தவற்றுக்கு யாரும் முழுமையான ஏற்பாடு செய்யவில்லை. ஒரு ஃபாண்டின் குறியேற்ற அட்டவணை ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அடங்கும்; அதை விலைக்கு விற்ற காலம் என்றோ முடிந்துவிட்டது. அந்தத் தாள்களைத் தேடிச் சேகரித்து வெளியிடுவதற்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தைவிடப் பொருத்தமான ஸ்தாபனம் இல்லை.

பதிப்பாளர்கள் விஷயத்தில், புதிதாகச் சட்டம் ஒன்றும் இயற்ற வேண்டியதில்லை. 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, புத்தகம் வெளியான முப்பது நாளுக்குள் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட பிற நூலகங்களுக்கும் பதிப்பாளர் தம் சொந்தச் செலவில் பிரதிகள் அனுப்பக் கடமைப்பட்டிருக்கிறார். அந்தச் சட்டத்தில் காகிதப் பிரதியோடு புத்தகத்தின் எழுத்தை யூனிகோடிலும் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வாசகம் சேர்த்துவிட்டால், எந்த நிரல் எப்போது நின்றாலும் புத்தகம் நிற்காது; பழைய ஃபைல் மட்டும் கையிலுள்ளவர்கள், மாற்ற இயலாவிட்டால், ஃபைலையும் ஃபாண்டையும் சேர்த்தே கொடுக்கலாம். செலவைப் பற்றிப் பதிப்பாளர்கள் முணுமுணுக்கக்கூடும். பார்சலின் எடை ஒரு பென் டிரைவினால் எவ்வளவு ஏறிவிடும் என்பதைத் தபால்காரரிடம் விசாரித்துக்கொள்ளலாம்.